பூங்காத்தா

குழாயடிக்குப் போய்வர நேரமில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி மஞ்சள்தூளைக் குழைத்தாள்.

கேட்டுக்கு வெளியே வண்டி வந்து நின்றுவிட்டது. மரம் அறுக்கும் மெஷினை இறக்குகிற சத்தம் கேட்டது.

புங்க மரத்தின் இடுப்பில் மஞ்சளை இழுத்துப் பூசினாள். நடுவில் குங்குமம் வைத்தாள். பாதி கீழே கொட்டிற்று.

மஞ்சப்பையைக் கிழித்து மரத்தைச் சுற்றிக் கட்டினாள். ஜவுளிக்கடையின் பெயர் உள்பக்கம் போகிற மாதிரி.

பிறகு செருப்பைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றாள்.

பூங்காவைக் கூட்டிப் பெருக்குகிற அவளுக்கும், கூட வேலை பார்க்கிற செங்கேணிக்கும், மதியம் உட்கார்ந்து சோறு தின்ன அந்த ஒரு நிழல்தான்.

அந்த இடம் ஒரு காலத்தில் ஏரி. ஏரியை மனை போட்டு விற்றவர்கள், சட்டத்துக்குப் பயந்து இந்த மூலையை மட்டும் பூங்கா என்று விட்டுவைத்தார்கள். பேச்சுக்குத்தான் பூங்கா. வெகுகாலம் அங்கே கிடந்தது இடிந்த செங்கல்லும் கருவேல முள்ளும். யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், அந்தச் செங்கல் குவியலுக்குள்ளிருந்து எழுந்து வந்தது புங்கை.

நிஜப் பூங்கா போன வருஷம்தான் வந்தது. கேட் வந்தது. கொரியன் புல் வந்தது. நடக்கிறவர்களுக்குக் கல் பதித்த பாதை வந்தது.

வேர் கல்லைத் தூக்குகிறதாம். மரத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

மெஷின்காரன் தோளில் மெஷினோடு வந்தான். மரத்தைப் பார்த்தான். நின்றான்.

"இன்னாம்மா இது? நேத்து வந்து பாக்கசொல்ல இல்லியே?"

"நேத்து ராத்திரிதான் கனவுல வந்தா."

"ஆத்தான்னா வேப்ப மரத்துலதான குந்துவா? இது புங்க மரமாச்சே."

"வேப்ப மரத்த எங்க வுட்டு வச்ச? அத்தயெல்லாம் நீதான அறுத்துக்கினு பூட்ட. கெடச்ச எடத்துல குந்திக்கினா."

அவன் சிரிக்கவில்லை. மெஷினைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான்.

"பேரு?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. ஊரில் எத்தனையோ அம்மன். ஒரு பெயரும் வாயில் வரவில்லை. கேட்டுக்கு மேலே வளைவில் பெரிய பெரிய எழுத்து. அதில் ஒரு சொல் மட்டும் கண்ணில் பட்டது.

"பூங்கா…" என்றாள். எச்சிலை விழுங்கினாள்.

"…த்தா."

"பூங்காத்தா." அவன் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். "எங்கம்மா பொறந்த ஊருலகூட இந்தப் பேருல ஒண்ணு கீது."

செருப்பை விட்டான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். மேலிடத்தில் கேட்காமல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தான்.

சேதி எதிர் அடுக்குமாடிக்கு எப்படிப் போயிற்றோ, முதலில் ஓர் அம்மாள் விளக்கோடு வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் மரத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கினார். ஒருவர் கோலம் போட்டார். வேரில் பால் ஊற்றினார்கள். செல்போனில் படம் பிடித்தார்கள்.

அவள் துடைப்பத்தோடு தள்ளி நின்று பார்த்தாள். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

வெயில் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் சாய்ந்ததும் செங்கேணி வந்தாள். இருவரும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வழக்கம்போல மரத்தடிக்குப் போனார்கள்.

விளக்கு வைத்த அம்மாள் தன்மையாகத்தான் சொன்னார்.

"இங்க எச்சில் பண்ணாதீங்கம்மா. சாமி இருக்கு. அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடுங்க."

அந்தப் பக்கம் முழுக்கப் புல். புல்லில் உட்காரக் கூடாது. மிச்சமிருந்தது பாதைதான். பாதை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். கல் சுட்டது.

"நல்லா வச்சடி சாமி" என்றாள் செங்கேணி. "மொத வேலையா நம்மளத் தொரத்திட்டா."

அவள் தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். செங்கேணி விடவில்லை.

"எய்ந்து போயி சொல்லேன். அது வெறும் மரம்னு."

அவள் கேட் பக்கம் திரும்பினாள். வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. மெஷின்காரன் அதில் சாய்ந்தபடி யாருடைய போனுக்கோ காத்திருந்தான்.

மரத்தடியில் அந்த அம்மாள் கண்ணை மூடி நின்றார். உதடு அசைந்தது. ஒரு புங்க இலை அவர் தோளில் விழுந்தது. அதைத் தட்டிவிடாமல் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவள் தூக்கைத் திறந்தாள்.

தன் நிழல் சோற்றின்மேல் விழுகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தாள்.