இராஜரட்ணம் பேசாத அரை மணி நேரம்

"உடைஞ்ச பல் கேப்புல ரெசின் வச்சு ஒட்டி முடிக்கிற வரைக்கும் அங்கிள் பேசவே கூடாது, ஆன்ட்டி."

"எவ்வளவு நேரம் இவருக்குக் கதைக்க ஏலாது, டாக்டர்?" மனோரஞ்சிதம் ஆவலாகக் கேட்டார்.

"அரை மணி நேரம். ஏன்?"

"சும்மாதான்."

நாற்காலியில் சாய்ந்திருந்த இராஜரட்ணம் அதற்குள் பேச்சில் மெல்பர்னுக்கே போய்விட்டார்.

"மகன் பிரஷாந்த் அங்கைதான் டாக்டர். வீட்டை வித்துப்போட்டு நாங்களும் அங்கையே போறம். இந்த டுரியான் துங்கால் ஊரிலை என்ன இருக்கு? என்ன மனோ?"

மனோரஞ்சிதம் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொன்னார். "இவவுக்குச் சரியான சந்தோசம்!"

டாக்டர் பவானேஸ்வரி, செராமிக் கேப் போட்ட பல்லைச் சுற்றி ரப்பர் துணியை இழுத்து மாட்டினார். பேச்சு நின்றது.

"முதல்ல ஆசிட் ஜெல் வைக்கிறேன். அப்பதான் ரெசின் பிடிக்கும். ஆடாதீங்க லா அங்கிள், உதட்டுல பட்டா வெந்துடும்."

மனோரஞ்சிதம் ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, நான் மெல்பர்னுக்கு வரேல்லை."

"ம்ம்?"

"கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து ஒரு வசனம் முழுசாச் சொல்ல விட்டிருக்கிறீங்களோ? இண்டைக்குச் சொல்லுறன்."

"ம்ம்! ம்ம்ம்!"

"அங்கிள், ஆடாதீங்க!"

டாக்டர் ஜெல்லைக் கழுவி, உலர்த்தி, ஒட்டு மருந்தைத் தடவினார்.

"பேரப்பிள்ளையைப் போய்ப் பாத்திட்டு வரலாம். அங்கையே கிடக்க என்னாலை ஏலாது. எனக்கு இஞ்சத்தைக் கோயில் வேணும், பக்கத்து வீட்டு ராஜம்மா வேணும். நாளைக்கு வீட்டைப் பாக்க ஆக்கள் வந்தால் நான் கதவு திறக்க மாட்டன். நீங்கள் போறதெண்டால் தனியப் போங்கோ!"

இராஜரட்ணத்தின் முகம் சிவந்தது. கால்கள் நாற்காலியை உதைத்தன. ஏதேதோ ஊமைச் சத்தம் வந்தது.

டாக்டருக்கே பயம் வந்துவிட்டது. "ஆன்ட்டி, அங்கிளுக்கு பிரஷர் ஏறிடும். நிறுத்துங்க லா."

"இதை விட்டா எனக்கு வேற நேரம் கிடைக்காது, பிள்ளை. நீர் உம்மடை ஒட்டுற வேலையைப் பாரும்."

டாக்டர் ரெசினை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கும் வரை மனோரஞ்சிதம் ஓயவில்லை.

ரப்பர் துணி கழன்றது. இதோ வெடிக்கப் போகிறது என்று இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.

இராஜரட்ணம் தாடையைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீர் நெடுக பிரஷாந்தின்ரை படத்தையே பாத்துக்கொண்டிருப்பீர். மகனோடை இருக்கத்தான் உமக்கு ஆசையெண்டு நினைச்சன். அதுக்காகத்தான் வீட்டையே விக்க வெளிக்கிட்டனான்."

மனோரஞ்சிதம் திகைத்துப் போனார்.

"அப்ப ஏன் இவ்வளவு நேரமும் அப்பிடிக் கத்தினீங்கள்?"

"'நானும் போகேல்லை, நானும் போகேல்லை' எண்டுதானேயப்பா கத்தினனான்!"