அறுத்து வைத்த முட்டை

எண்பத்திரண்டில் தெட்சிணாமூர்த்தி காரைக்காலில் உயிரியல் வாத்தியாராக இருந்தார். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, தமக்கே உரிய மடிப்பில் மடிந்தால்தான் புரதம் என்று, மனைவியின் பாசிமணி மாலையை வகுப்பில் மடித்துக் காட்டுவார். சூடு பட்டால் மடிப்பு அவிழ்ந்து சிக்காகிவிடும். "வெந்த முட்டை மறுபடி பச்சையாகாதுடா" என்பார். அவர் தைரியமாகச் சொல்லும் வாக்கியம் அது ஒன்றுதான். மற்றபடி, நாற்பது வயதிலும் அப்பாவின் செருமலுக்கு எழுந்து நிற்கிற ஆள்.

அந்த அப்பாவுக்குக் குரும்பகரத்து வீட்டில் எட்டாம் துக்கம். செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்கிற நாள். கொள்ளி வைத்த மகனே முட்டையை அவித்து, உரித்து, நூலால் இரண்டாக அறுத்து இலையில் வைத்தார். அப்பா வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள்.

திறந்தபோது, இலையில் வெள்ளைக்கரு நீராக ஓடிக் கிடந்தது. நடுவே மஞ்சள்கரு உடையாமல் முழு உருண்டையாகத் தளும்பியது.

"வாத்தியாருக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியலையே!" என்று சிரித்தாள் மனைவி தையல்நாயகி.

தெட்சிணாமூர்த்தி பொத்தென்று உட்கார்ந்தார். "அறுத்து வச்சேன், தையலு. நெருப்புல வெந்தது திரும்பாது. எதுவுமே திரும்பாது."

"அதுக்கு ஏங்க இப்படி உக்காந்துட்டீங்க?"

வீட்டார் எல்லோரும் கூடத்தில்தான் நின்றார்கள். கொல்லையில் யாரோ செம்பில் தண்ணீர் மொண்டு, நிதானமாகக் கால் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு செருமல்.

தெட்சிணாமூர்த்தியின் கால்கள் பழக்கத்தில் தாமாக எழுந்து நின்றன.