கோதண்டத்தின் சந்தேகங்கள்

“இன்னிக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா, கோதண்டம்?”

கல்மண்டபத்து முச்சந்தியில் நின்று உபதேசியார் அருள்பிரகாசம் கெஞ்சினார். ஊரையே மனந்திரும்பச் சொல்கிறவர், ஒருத்தன் வாயைத் திறக்காமல் இருக்கும்படி கெஞ்சுவது அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வந்திருந்த கோதண்டம், தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “இன்னாத்துக்கு ஒபதேசியாரே? சந்தேகம்னா கேளுன்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன், புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன். இன்னிக்குப் பாதிரி துரை நேர்ல வர்றாரு. நான் பேசுறதைக் கேட்டுட்டுத்தான் என்னை வேலையில வச்சுக்கிறதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு முடிவு பண்ணப்போறாரு.”

“பேஜாராப் பூட்ச்சே. சரி, ஒனக்கோசரம் கொறச்சிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு. அத்தோட வுட்டுர்றேன்.”

“அந்த ஒண்ணுதான்பா வேண்டாங்கிறேன்.”

“அத்தக் கேட்டே ஆவணும். வாக்கு குட்த்துட்டேன்.”

யாருக்கு வாக்கு என்று அருள்பிரகாசம் கேட்கவில்லை. சுயமரியாதைக்காரர்கள் யாரோதான் இவனுக்கு ஓதியனுப்புகிறார்கள் என்று அவர் எப்போதோ தீர்மானித்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷனுக்கு வேதாகமத்தில் இத்தனை சந்தேகம் வேறு எப்படி வரும்?

இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் இதே பாடு. காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்றான்; அருள்பிரகாசம் எட்டு நாள் புத்தகத்தைப் புரட்டினார். நோவா தன் பேழையில் கொசுவை எதற்கு ஏற்றினார் என்றான், இருமினார். யோபுவுக்குச் செத்த பிள்ளைகளுக்குப் பதில் வேறு பிள்ளைகளைக் கொடுத்தால் பெற்ற மனசுக்கு ஈடாகுமா என்றான். அன்றைக்கு அவசரமாக ஞானப்பாட்டைத் தொடங்கிவிட்டார். அதுவும் எட்டாத சுருதியில்.

வீட்டுக்குப் போய்ப் புலம்புவார். மனைவி கிருபையம்மாள் மறுபேச்சுப் பேசாமல் சோறு போடுவாள்.

பாதிரி துரை ஜட்காவில் வந்து இறங்கினார். வேலை முடிந்து திரும்பும் கூலிக்காரர்களும் மீன்கூடைக்காரிகளுமாக நல்ல கூட்டம். துரையைப் பார்த்ததும் அருள்பிரகாசத்துக்கு வழக்கத்தைவிடக் குரல் உயர்ந்துவிட்டது.

“தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் படாத எவனுக்கும் மோட்ச வாசல் திறக்காது. ராஜாவானாலும் திறக்காது. நாளைக்கு என்று சொல்லாதீர்கள். இன்றைக்கே வாருங்கள்” என்று வேதாகமத்தின் மேல் ஓங்கித் தட்டினார். துரை தலையாட்டினார். வேலை நிலைத்துவிட்டது என்று அருள்பிரகாசம் நினைத்த நேரத்தில், கூட்டத்தில் ஒரு கை எழும்பியது.

கோதண்டம். ஆனால் வழக்கமான குறும்புச் சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

“ஒபதேசியாரே, ஒரு பச்சக் கொயந்த. பொறந்து மூணே நாளு. தலையில தண்ணி படறதுக்குள்ள பூட்ச்சு. அதுக்கும் வாசல் தொறக்காதா?”

அருள்பிரகாசத்தின் கை தோளில் கிடந்த துண்டைத் தேடிப் போயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எண்ணூர்ப் பக்கம் ஊழியத்துக்குப் போயிருந்தவர், ஞானஸ்நானம் கொடுக்கச் சபைப் போதகரையும் அழைத்துக்கொண்டு நாலாம் நாள் வந்து சேர்ந்தார். குழந்தை மூன்றாம் நாளே போயிருந்தது. யார் அந்தப் பேச்சை எடுத்தாலும், “கர்த்தருடைய சித்தம்” என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இப்போது போக இடமில்லை. எதிரே துரை, சுற்றிலும் கூட்டம்.

வேதாகமத்தை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

“வாசல் திறக்காதுன்னு நான் சொன்னது தப்பு” என்றார், முச்சந்தியில் நிற்பதை மறந்து, வீட்டில் பேசுகிற குரலில். “அந்தச் சாவியை யாரும் என்கிட்டக் கொடுக்கலை. இயேசுநாதர் குழந்தைகளைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரே, தலை ஈரமா இருக்கான்னு தடவிப் பார்த்துட்டா தூக்கினாரு? அந்தக் குழந்தை அவர் மடியிலதான் இருக்கு. இல்லேன்னா, அந்த மோட்சம் எனக்கும் வேண்டாம்.”

துரை தலையாட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். சரி, நாளை முதல் நாமும் மூட்டை தூக்க வேண்டியதுதான், கோதண்டம் இரக்கப்பட்டுச் சின்ன மூட்டையாகப் பார்த்துக் கொடுப்பான் என்று அருள்பிரகாசம் எண்ணிக்கொண்டார்.

துரை அருகில் வந்து, “அடுத்த சனிக்கிழமையும் நீரே பேசும்” என்று சொல்லி, அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு ஜட்காவில் ஏறினார்.

அருள்பிரகாசம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோதண்டத்திடம் வந்தார்.

“கோவமில்லைப்பா. உனக்கு இதையெல்லாம் ஓதியனுப்புற ஆள் யாருன்னு மட்டும் சொல்லு. அந்த வீட்டிலயும் ஒரு குழந்தை தவறியிருக்கணும். நானே போய்ப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசிட்டு வர்றேன்.”

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டான்.

“வூட்ல கேட்டா எய்ந்து பூடுவியாம், தெருவுல கேட்டாத்தான் நின்னு பதில் சொல்லுவியாம்” என்றான். “ரெண்டு வருசமா கொயாயடில எம் பொஞ்சாதியாண்ட எல்லாக் கேள்வியும் சொல்லி அனுப்புனது உங்க வூட்டம்மாதான், ஒபதேசியாரே, இன்னிக்கு பதில மட்டும் தங் காதாலயே கேக்கணும்னு, தோ, மீன்கூடக்காரிங்க பின்னால முக்காடு போட்டுக்கினு நிக்கிறாங்க பாரு.”