காற்றாடி நின்ற நேரம்

சர்ரென்று ஒரு சத்தம். மூளை அலை பதியும் அறையின் மூலையில், ஒரு காலத்தில் காகிதத்தில் கோடு இழுத்து, இப்போது துவாலைகளைச் சுமந்து நின்ற பழைய மெஷின் கண்விழித்தது. எண்ணெய் போகக் கழுவிய தலையெல்லாம் ஒயர் ஒட்டி, சிறுமி நிலோஃபர் சோதனைக்காகக் கொடுத்த காகிதக் காற்றாடியை மூச்சு வாங்க ஊதிக்கொண்டிருந்தாள். நர்ஸ் பிரிஜித்தா துவாலை மடித்தபடியே புது மெஷினின் திரையைக் கவனித்தாள்.

"வகுப்புல கூப்பிடக் கூப்பிட முழிச்சிக்கிட்டே நிக்கிறாளாம். திமிருன்னு நானும் ரெண்டு அடி வச்சேன் சிஸ்டர். என்னன்னு இன்னிக்காவது தெரியணும்," என்றாள் அம்மா.

"இந்த ஊமைத் திரையா சொல்லப்போகுது?" மெஷின் பெருமூச்சு விட்டது. "அப்பல்லாம் அலை துள்ளினா என் எட்டுப் பேனாவும் கீச்சிடும். வராந்தாவுல டீ குடிக்கிற டாக்டர் டம்ளரோட ஓடி வருவார்!"

"ஆரம்பிச்சிட்டியா பெருசு," என்றது காற்றாடி, சுற்றிக்கொண்டே. காகிதம்தான் புதிது; அதன் குச்சி மெஷின் ஓடிய காலத்திலிருந்தே இந்த அறையில் இருப்பது.

திடீரென்று காற்றாடியின் சத்தம் நின்றது. நிலோஃபரின் கண்கள் ஒரே இடத்தில் நிலைத்திருந்தன. திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக மலைமலையாய் எழுந்தன. பிரிஜித்தாவின் கையிலிருந்த துவாலை நழுவியது. பத்து நொடி கழித்து, எதுவுமே நடக்காததுபோல் பிள்ளை மறுபடி ஊதினாள்.

"பாத்தீங்களா? அவ வேணும்னு செய்யலம்மா. இதுவும் ஒரு வகை வலிப்புதான். டாக்டர் மருந்து தருவார்," என்றாள் பிரிஜித்தா.

ஒயர் ஒட்டிய தலையைத் தடவ முடியாமல், அம்மா மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நின்னது எனக்குக் கேட்டுச்சு," என்றது மெஷின் காற்றாடியிடம், மெதுவாக.

"அப்பவும் இப்படித்தான் நிப்பேன். உன் கீச்சல்ல உனக்குக் கேக்கல," என்றது காற்றாடி.

பிரிஜித்தா குனிந்து துவாலையை எடுத்து, உதறி மடித்து, பழைய மெஷினின் தலைமேல் அடுக்கினாள்.