வலப்பக்கம் இழுத்த கார்

"சூசையப்பன் செஞ்ச வேலைதான் சார். பிரேக் பிடிச்சாலே வலப்பக்கம் இழுக்கும். பல தடவை சொல்லிட்டேன்."

மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு விசாரணையில் இப்படித்தான் சொன்னேன். பின்னே, கால் ஒடிந்தது எனக்கல்லவா?

பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு ரிசார்ட். நான் டிரைவர், சூசையப்பன் மெக்கானிக். வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை முதலாளி எங்கிருந்தோ வாங்கி வந்து, விருந்தாளிகளை அதில் கீழே கூட்டிப்போகச் சொன்னார்.

பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் பிரேக். எண்ணெய், குழாய் எதுவும் கிடையாது. மிதித்தால் இரண்டு இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும். இரண்டும் ஒரே அளவு இறுக்கமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. அதைக்கூடச் செய்ய அந்த மனுஷனுக்கு உடம்பு வணங்கவில்லை. கேட்டால், "இருக்கட்டும் பவுலு" என்று போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு நல்ல மழை. வண்டியில் நான் மட்டும்தான். இறக்கத்தில் அழுத்தி மிதித்தேன். கார் நிற்கவில்லை. வலப்பக்கம் திரும்பிப் பாறையில் போய் மோதியது.

சூசையப்பனுக்கு வேலை போனது. குடியிருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர் வாயே திறக்கவில்லையாம்.

அவர் சாமான் ஏற்றுகிற அன்று, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டே தீருவதென்று நொண்டிக்கொண்டே போனேன். அவர் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"ஏண்ணே, ரெண்டு கம்பியையும் சமமா முறுக்க அவ்வளவு சடைவா?"

அவர் பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் பேசினார்.

"முதல் நாள் சமமாத்தான் வச்சேன் பவுலு. ஓட்டிப் பாத்தேன். மழை பெஞ்சா அந்த இறக்கத்துல நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. முன்சக்கரத்துக்கும் பிரேக் வைப்போம்னு முதலாளிகிட்ட கால்ல விழாத குறையாக் கேட்டேன். பழசு பழசாவே இருக்கணும்னுட்டாரு."

"அதுக்கு?"

"வலப்பக்கக் கம்பியை மட்டும் கூட ரெண்டு சுத்து முறுக்கி வச்சேன். சொன்னா உனக்குப் பயத்துல கை நடுங்கும்னுதான் சொல்லல."

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. வேண்டுமென்றே மலையில் மோத விட்டீர்களா என்று கேட்டேன்.

"நிக்காத வண்டி எங்கயாவது போய்த்தானப்பா ஆகணும். இடப்பக்கம் அதலபாதாளம்லா கிடக்கு."