பேச்சை இழுக்கச் சொன்னார்கள்

இன்ஸ்பெக்டர் அம்மா ஹெட்போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"போன வாரம் வந்த ஃபோன் கால். நல்லாக் கேட்டுச் சொல்லுங்க, தெரிஞ்ச குரலான்னு."

அவள் மாட்டிக்கொண்டாள். வாயில் துணியை வைத்து, அடித்தொண்டையிலிருந்து பேசும் அதே குரல். புதிதாகக் கேட்க அதில் என்ன இருக்கிறது? அதோடுதானே தினமும் குடித்தனம் நடத்துகிறாள்.

நில அளவை அலுவலகத்தில் வேலை. தேர்தல் வந்தால் எல்லாரையும் போல அவளுக்கும் டியூட்டி வரும். இந்த முறை வாக்கு எண்ணும் அறைக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டார்கள். தோற்றுக்கொண்டிருந்த கட்சியின் ஆட்கள் ஒரு பெட்டியைக் காட்டி, சீல் உடைந்திருக்கிறது, செல்லாது என்று எழுது என்றார்கள். சீல் உடையவில்லை. அவள் எழுதவில்லை; எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது.

மறுநாளே முதல் மிரட்டல் கால் வந்தது. கையெழுத்துப் போட்ட கை இனி உடம்பில் இருக்காது என்றான். பிறகு தினமும், வேறு வேறு நம்பர்களிலிருந்து.

வாசலில் ஒரு காவலரை நிறுத்தினார்கள். நல்ல மனிதர். ஆனால் அவர் வந்த அன்றோடு அக்கம்பக்கத்தார் வரத்து நின்றுபோனது. எதிர்வீட்டு அக்கா அவளைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்கு அவள் போய் உட்கார்ந்தால், மற்றவர்களுக்கு எங்கிருந்தோ அவசர வேலை முளைத்தது. யாரைக் குற்றம் சொல்ல? அவரவருக்குப் பிள்ளைக்குட்டி இருக்கிறது.

அவளுக்கும் இருக்கிறது. ஒரே மகள். ஒன்றாம் வகுப்பு.

கணவன் இறந்த பிறகு அவளுக்கென்று இருந்தவன் அண்ணன் ஒருவன்தான். தோற்ற கட்சிக்குக் கொடி பிடித்தவன். ஆனாலும் விஷயம் தெரிந்ததும் முதல் ஆளாக ஓடி வந்தான்.

"கட்சி கெடக்குது கழுதை. பாப்பாவ நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். போலீஸ்கிட்டகூட மூச்சு விடாத. ஃபோனும் பண்ணாத, மோப்பம் பிடிச்சு வந்துருவானுங்க."

அவன் தோளில் சாய்ந்துதான் அன்று வாய்விட்டு அழுதாள். அவன் சொன்னபடியே மகளோடு பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

தன் நம்பரையாவது மாற்றிவிடலாம் என்றால், இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்றார். வந்தால் எடுங்கள், முடிந்தவரை பேச்சை இழுங்கள் என்றார்.

இழுத்தாள். யார் நீங்கள், நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்டுக் கேட்டு இழுத்தாள். சில நாட்களில், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவளோடு பேசிய ஒரே குரல் அதுவாக இருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, ஒருநாள் அது வராமல்போனபோது, ஃபோன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்தாள்.

ஹெட்போனில் இப்போது அவளுடைய குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. கேட்கக் கூசியது.

"அவன் பேசுறதை விடுங்க. பின்னாடி ஏதோ கேக்குது. அதை இப்பத்தான் தனியாப் பிரிச்சிருக்கோம்" என்ற இன்ஸ்பெக்டர் ஒரு பொத்தானைத் தட்டினார்.

மிரட்டல் அடங்கித் தேய்ந்தது. தூரத்தில் ஒரு கதவு திறந்தது. ஓடிவரும் சின்னக் காலடிகள்.

"மாமா! மாமா, என் பல்லு விழுந்துருச்சு!"

யாரோ 'உஷ்' என்றார்கள். இணைப்பு அறுந்தது.

"யார் வீட்டுக் குழந்தையோ. இதை வச்சு என்ன பண்றது?" என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

திரும்பப் போடச் சொன்னாள். கேட்டாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். பல் போன சந்தில் காற்றுப் புகுந்து, சொற்கள் புதிதாகக் குழறின. சந்தோஷத்தில் அந்தக் குரல் மூச்சு வாங்கியது.

ஹெட்போனைக் கழற்றிச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்தாள்.

"வண்டி எடுக்கச் சொல்லுங்க மேடம், நான் வழி காட்டுறேன். சைரன் மட்டும் வேண்டாம். என் பொண்ணு பயந்துருவா."