ஜெயித்தவர் கேட்ட டைம் அவுட்

இருபத்தேழு புள்ளி முன்னால் இருக்கிறார் ஒரு கோச். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து எழுந்து, ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி டைம் அவுட் கேட்டால், அவரை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கங்நுங் ஊர்க் கூடைப்பந்து அரங்கத்தில் இருந்தவர்கள் ஒன்றையும் பாக்கி வைக்காமல் சொன்னார்கள்.

"தோக்குறவன் கேட்டா நியாயம். ஜெயிக்கிறவனுக்கு எதுக்குய்யா டைம் அவுட்? நம்ம மூக்கை உடைச்சது போதாதாம், உப்பு வேற தடவணுமாம்!"

சொலாவுக்குப் பக்கத்து இருக்கைப் பெரியவர் பொரித்த கோழிக்காலை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

சொலாவும் கத்தினாள். மடியில் நான்கு வயது நாரி இருக்கிறாள் என்பதையும் மறந்து, "வெக்கமா இல்ல பியோன்?" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அந்தப் பியோன் யாரோ எவரோ இல்லை. பன்னிரண்டு வருஷம் இதே கங்நுங் அணிக்கு ஆடியவர். கண்ணை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பந்தை இன்னொரு பக்கம் அனுப்புகிற அவர் கைக்காகவே சனம் டிக்கெட் வாங்கும். ஆடி ஓய்ந்தபின் மோக்போ அணிக்குக் கோச்சாகப் போனார். அன்றோடு ஊர் அவர் படத்தைக் கிழித்துப் போட்டது. இன்றைக்கு மோக்போவோடு வந்து, சொந்த ஊரையே நொறுக்கிக்கொண்டிருந்தார்.

சொலாவின் ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கங்நுங் அணியில் இருக்கும் அவள் புருஷன் கிபொமுக்கு இதுதான் கடைசி ஆட்டம். முழங்கால் இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து மச்சினனின் நூடுல்ஸ் கடையில் கல்லா. அப்பா ஆடி நாரி பார்த்ததே இல்லை. "கடைசி ஆட்டத்துல கட்டாயம் இறக்குறேன்" என்று கங்நுங்கின் புதுக் கோச் வாக்குக் கொடுத்திருந்தார்.

எங்கே இறக்கினார்? புள்ளி சரியச் சரிய அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அப்பா எப்பம்மா விளையாடுவாங்க?" டைம் அவுட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நாரி கேட்டாள்.

"இதோ, இப்ப."

"இப்பன்னு அப்பவே சொன்னியே?"

சொலா எட்டிப் பார்த்தாள். கீழே எழுந்து நிற்கிற தலைகளுக்குப் பின்னால் புருஷன் எங்கே இருக்கிறான் என்றுகூடத் தெரியவில்லை. கடிகாரம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஓடிக்கொண்டே இருந்தது.

கங்நுங் ஒரு கூடை போட்டது. யாரும் கைதட்டவில்லை. அந்த நேரத்தில்தான் பியோன் எழுந்து டைம் அவுட் கேட்டார். அரங்கமே ஊளையிட்டது. காகிதக் கோப்பை ஒன்று பறந்துபோய் அவர் தோளில் விழுந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

டைம் அவுட் முடிந்தது.

"பதினாலாம் நம்பர், தாக் கிபொம்!" என்று ஒலிபெருக்கி சொன்னது.

சொலா நாரியைத் தூக்கிப் பிடித்தாள். கிபொம் களத்துக்குள் ஓடி வந்தான், ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு.

"அப்பா! அம்மா, அங்க பாரு, நம்ம அப்பா!"

அரங்கம் எழுந்தது. இத்தனை நேரம் திட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து அவன் பெயரைச் சொன்னார்கள். பந்து அவன் கைக்கு வந்தது. தூரத்திலிருந்து எறிந்தான். வளையத்தில் பட்டுச் சுழன்று வெளியே போய்விட்டது. அதனால் என்ன? கைதட்டல் நிற்கவே இல்லை. நாரி தட்டின தட்டில் உள்ளங்கை சிவந்துவிட்டது.

"நம்ம கோச் கெட்டிக்காரர்மா!" என்றார் கோழிக்காலர். "அவன் திமிர்ல டைம் அவுட் கேட்டான். கிடைச்ச நேரத்துல நம்மாளு கிபொமை இறக்கிட்டாரு பாத்தியா!"

"பின்ன?" என்றாள் சொலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆட்டம் முடிந்து நாரியைத் தூக்கிக்கொண்டு உடை மாற்றும் அறைப் பக்கம் போனாள். நடைபாதையில் கிபொம் பியோனுக்கு இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாரி அப்பா, ஊரே காறித் துப்புது. நீங்க இவருக்குக் கும்பிடு போடுறீங்களா?"

கிபொம் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"சும்மா இரு சொலா. ஆட்டம் நின்னாத்தான் ஆள் மாத்த முடியும். ரொம்ப நேரமா ஸ்கோர் எழுதுற மேஜைக்குப் பக்கத்துல, ஆள் மாத்துற நாற்காலியில காத்துக்கிட்டிருந்தேன், ஆட்டம் நிக்கவே இல்ல. நிறுத்தலாம்னா நம்ம கோச்சு கையில ஒரு டைம் அவுட்கூட மிச்சமில்ல, எல்லாத்தையும் முன்னாடியே செலவு பண்ணிட்டாரு. நான் உக்காந்திருக்கறதை நம்ம பசங்களே பாக்கல. பியோன் அண்ணன்தான் பாத்துட்டு டைம் அவுட் கேட்டாரு."

சொலா பியோனைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயிக்கிற அவசரத்தில், அத்தனை கூச்சலில், எதிரணிக்காரன் ஒருத்தன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பதையா இந்த மனுஷன் பார்த்தார்? நான் என்னவெல்லாம் கத்தினேன்!

"பத்திரிகைக்காரங்க வெளியிலதான் நிக்கிறாங்க. இப்பவே போய்ச் சொல்றேன்" என்று திரும்பினாள்.

"ஐயோ, வேணாம் தங்கச்சி!" பியோன் பதறிக் குறுக்கே வந்தார். "நானே அவங்ககிட்ட, டைம் அவுட் கேட்டது என் தப்புதான்னு சொல்லிட்டு வந்துட்டேன். உங்க கோச்சுக்கு இது முதல் வருஷம். டைம் அவுட்டெல்லாம் தீர்த்துட்டு, கடைசி ஆட்டம் ஆடுறவனை நாற்காலியிலேயே உக்கார வெச்சுட்டாருன்னு தெரிஞ்சா இந்த ஊரு அவரை உண்டு இல்லன்னு பண்ணிடும். எனக்குத் திட்டு வாங்கிப் பழகிடுச்சு. என்னையே திட்டட்டும், விட்டுடுங்க."